கழுத்தில் மாட்டிய காற்று

எங்கள் ஊர் வெட்டுக்காட்டில் புத்திக்குப் பஞ்சமில்லை. செலவழிக்கத்தான் எங்களுக்கு மனம் வராது. எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அந்தச் சிக்கனத்தை நாங்கள் கைவிடவில்லை.

பெண் ஊர் ஆலங்குறிச்சி. பஸ் கிடையாது, சைக்கிள்தான். என் சைக்கிளுக்கோ அடிக்கடி காற்று இறங்கும். வயது முப்பத்தெட்டு, இந்த இடமும் தட்டிப்போனால் சந்நியாசம்தான். அதனால் கையோடு கொண்டுபோக ஒரு பம்பு வாங்க நானும், ஏகலிங்கம் அண்ணனும், என் சேக்காளி செவத்தையனும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் சின்னக் கைப்பம்பு ஒன்றைக் காட்டினார். "இதை வாங்குங்க. எங்க போனாலும் கூடவே வரும்."

செவத்தையன் அதைத் தரையில் வைத்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து திரும்பிப் பார்த்தான். "வரலையே அண்ணே!"

"அப்ப இந்தக் கால்பம்பு. மிதிச்சாப் போதும்."

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "சைக்கிளை மிதிக்கவே ரெண்டு காலும் சரியாப் போயிருது. மூணாவது காலுக்கு எங்க போக?"

கடைக்காரர் களைத்துப்போனார். "உங்களுக்கு வேண்டியது காத்துதானே? எப்படியாவது கொண்டு போங்கய்யா."

இது நியாயமாகப் பட்டது. பம்பு கனம், காற்று கனமில்லை. ஒரு லாரி டியூபில் காற்றை நிரப்பி, மாப்பிள்ளை என்பதால் என் கழுத்தில் மாலையாக மாட்டிவிட்டார்கள்.

பாதி வழியில் என் முன்சக்கரம் தரையோடு ஒட்டிவிட்டது. டியூபைப் பக்கத்தில் வைத்துத் திறந்தோம். புஸ்ஸென்று எல்லாம் வெளியேறியது. சக்கரத்துக்குள் ஒன்றும் போகவில்லை.

"புது இடம். காத்து கூச்சப்படுது" என்றார் அண்ணன்.

"என் சைக்கிளை எடுத்துக்கடா" என்றான் செவத்தையன்.

"இரவல் சைக்கிள்ல போனா பொண்ணு வீட்டை ஏமாத்தின மாதிரி ஆகும்." இதைச் சொன்ன மகானுபாவன் நானேதான். தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது.

பெண்ணின் அப்பா மாடக்கண்ணு வாசலிலேயே நின்றிருந்தார். சைக்கிளைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பம்பை எடுத்து வந்தார்.

அண்ணன் கும்பிட்டார். "மன்னிக்கணும். பொண்ணு வீட்டுல நாங்க எதுவும் வாங்குறதில்ல. காத்தா இருந்தாலும் வரதட்சணை வரதட்சணைதான்."

மாடக்கண்ணு கண்கலங்கி, அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றச் சொல்லிவிட்டார். பெண் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, பயம்தான்.

வழியனுப்ப மாடக்கண்ணுவும் அவர் தம்பிமாரும் சைக்கிளோடு வந்தார்கள். நான் தள்ளுவதைப் பார்த்த மாமனார் நின்றுவிட்டார். "மாப்ள நடக்க நாம ஏறிப் போறதா? மரியாதை இல்ல." அவர்கள் தங்கள் சைக்கிள்களின் எல்லாச் சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? அவர்களும் பிடுங்கினார்கள்.

எல்லோரும் உருட்டிக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்தோம். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரோடு மோசம். பாத்து மெதுவா ஓட்டுங்க மாப்ள" என்றார்.

"சரி மாமா" என்று நான் பிரேக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.