எஃகுக்குள் குடிபுகுந்த நீரகம்

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் மட்டுமல்ல, காற்றும் உலோகமும்கூட வாய்திறந்து பேசின. காற்று வகைகளிலேயே மிகச் சிறியது நீரகம். இப்போது அதை ஹைட்ரஜன் என்கிறோம். அது புகமுடியாத சந்து எதுவும் இல்லை.

ஒரு பள்ளத்தாக்கின் இருபுறமும் இரண்டு ஊர்கள். இந்தப் பக்கம் கொல்லன் கொற்றன். அந்தப் பக்கம் அவன் அத்தை மகள் வஞ்சி, பானை வனைபவள். இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சுற்றிவந்தால் ஒரு பகல் முழுக்க நடக்கவேண்டும். பெண்வீட்டார் நேராக வந்து சேரட்டும் என்று, கொற்றன் எஃகுச் சங்கிலியில் தொங்குபாலம் கட்டத் தொடங்கினான்.

சங்கிலிகளைக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, நன்றாக இறுகச் செய்தான். பிறகு துரு போவதற்காகப் புளித்த அமிலக் கரைசலில் ஊறவைத்தான். சங்கிலியைச் சுற்றிக் குமிழ்கள் கிளம்பின. ஒவ்வொரு குமிழிலும் நீரகம் இருந்தது.

"உள்ளே கொஞ்சம் இடம் தருவாயா?" என்று அது எஃகைக் கேட்டது.

எஃகு சிரித்தது. "கண்ணுக்கே தெரியாத உன்னால் எனக்கு என்ன ஆகிவிடும்? தாராளமாக வா."

நீரகம் உள்ளே போனது. பின்னாலேயே அண்ணன் தம்பி, அக்காள் தங்கை என்று அதன் சுற்றம் முழுவதும் போனது. வெளியே எடுத்தபோது சங்கிலி பளபளவென்று இருந்தது.

கொற்றன் பாலத்தைக் கட்டி, அதன்மேல் கற்களை ஏற்றிப் பார்த்தான். பாலம் அப்படியே நின்றது. கற்களை இறக்காமல் இரவு முழுக்க விட்டுவைத்தான். அக்கரையிலிருந்து வஞ்சி கையசைத்தாள். ஆனால் மறுநாள் காலை, யாரும் தொடாமலேயே சங்கிலி படீரென்று அறுந்தது. பாலம் பள்ளத்தில் விழுந்தது.

வஞ்சி உடனே சுற்றுவழியில் புறப்பட்டு வந்தாள். கொற்றன் அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பார் வஞ்சி, கொஞ்சம்கூட வளையவில்லை, நீளவில்லை. ஓட்டாஞ்சில்லு மாதிரி உடைந்திருக்கிறது. இதன்மேல் உன்னை நடக்கவிட இருந்தேனே."

வஞ்சி மிச்சமிருந்த சங்கிலியில் காதை வைத்தாள். உள்ளே கசகசவென்று பேச்சுக் கேட்டது.

"யாரது?"

"நாங்கள்தான், நீரகம். பளு ஏறியதும் சங்கிலி எங்கே அதிகம் இழுபட்டதோ, அங்கே கொஞ்சம் இடம் விரிந்தது. எல்லோரும் அங்கே போய் நெருக்கி உட்கார்ந்தோம். அறுந்துபோகும் என்று தெரியாது."

எஃகு வெட்கத்தோடு சொன்னது: "மெத்தென்ற இரும்பாக இருந்திருந்தால் வளைந்து சமாளித்திருப்பேன். நான் விறைப்பானவன். என்னால் தாங்கமுடியவில்லை."

"இதை மறுபடி உலையில் போட்டுப் பழுக்கக் காய்ச்சுகிறேன்" என்றான் கொற்றன்.

"வேண்டாம் மச்சான். அவ்வளவு சூட்டில் நீங்கள் ஏற்றிய உறுதியும் போய்விடும். பச்சைப் பானையில் ஈரம் இருந்தால் உடனே சூளையில் ஏற்றமாட்டோம். இளஞ்சூட்டில் வைத்து, ஈரம் தானாக வெளியேறும்வரை காத்திருப்போம்."

அவள் தணலின்மேல் சாம்பலைப் பரப்பி, சங்கிலியை அதற்குள் புதைத்தாள். வெதுவெதுப்பு உள்ளே இறங்க இறங்க, நீரகக் கூட்டத்துக்குக் கால் துறுதுறுத்தது. ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, கும்மாளமிட்டபடி வானத்துக்கு ஏறினார்கள். எஃகு நிம்மதியாக மூச்சுவிட்டது.

அறுந்த வளையத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொற்றன் மீண்டும் பாலம் கட்டினான். கற்கள் நாள்கணக்கில் அதன்மேல் கிடந்தன. ஒரு வளையமும் அசையவில்லை.

கல்யாணத்தன்று வஞ்சியின் அம்மா பாலத்தருகே வந்து தயங்கி நின்றாள். "மருமகனே, முதலில் நீ நடந்து காட்டு" என்றாள். கொற்றன் நடக்கவில்லை, நடுப்பாலத்தில் நின்று குதித்தே காட்டினான். அத்தை சிரித்தபடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் மேளமும் பெண்ணும் ஊரும் வந்தார்கள்.

வஞ்சி அன்று செய்ததைத்தான் பட்டறைகளில் இன்றும் செய்கிறார்கள்: அமிலத்தில் கழுவிய கடினமான எஃகின்மேல் பளு ஏற்றுவதற்கு முன், அதை வெகுநேரம் இளஞ்சூட்டில் வைத்து, உள்ளே இருப்பவர்களை நல்லபடியாக வழியனுப்பிவிடுகிறார்கள்.