அலைக் கணக்கும் ரஸ்ட் லைப்ரரியும்

தூத்துக்குடியில், மீனவர் சங்கம் ஒன்றின் அலை முன்னறிவிப்பு அறையில் அன்று இருந்தவர்கள் மூவர்: தலைமைப் பொறியாளர் மங்கையர்க்கரசி, படகுகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் ரொசாரியோ, இளம் நிரலாளன் இளம்பரிதி. விடியலிலிருந்து மூவரும் இருக்கையை விட்டு எழவில்லை.

இளம்பரிதியே முதலில் வாய் திறந்தான்.

"மேடம், என் லைப்ரரியை எடுத்துடப் போறீங்களாமே?"

ரொசாரியோவின் நிரல் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, மெதுவானது. அதன் அலைக் கணக்கை மட்டும் இளம்பரிதி வேகமான ரஸ்ட் மொழியில் எழுதி, பைத்தான் நிரல் தனக்குள் அழைத்துப் பயன்படுத்தும் லைப்ரரியாகக் கொடுத்திருந்தான். ஒரு மணி நேரக் கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது. அவனுடைய ஓராண்டு அதில் போயிருந்தது.

"வேகத்துக்கு என்ன குறை, தம்பி?" என்றார் ரொசாரியோ. "காலையில ஓட விட்டேன். பொசுக்குனு செத்துப்போச்சு. ஏன்னு ஒரு வரி இல்ல. காரணத்தைத் தேடுறதுக்குள்ள படகெல்லாம் கடலுக்குப் போயிட்டு. ஒவ்வொருத்தனா போன் போட்டுத் திருப்பினோம்."

"கடல்ல அலையை அளக்கிற மிதவை ஒண்ணு பழுது. அதுலேர்ந்து எண்ணே இல்லாம வெற்று மதிப்பு வந்திருக்கு. அதை நீங்க உள்ளே அனுப்பியிருக்கக் கூடாது."

"அனுப்பாதேன்னு அது சொல்லிச்சா?"

"தப்பான மதிப்பு வந்தா அந்த இடத்திலேயே நின்னுடணும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"நிக்கட்டும், யார் வேண்டாங்கா? என் புரோகிராமையும் சேர்த்துல்லா சாகடிக்குது! பைத்தான்னா என்ன பிழைன்னு சொல்லும். நானும் அந்த மிதவையைத் தள்ளிட்டு மிச்சத்தைக் கணக்குப் பார்ப்பேன்."

இளம்பரிதிக்கு வாதாடத் தெம்பில்லை. மங்கையர்க்கரசியின் பக்கம் திரும்பினான். இரண்டு மொழிகளையும் அவனுக்குக் கற்பித்தவர் அவரே.

"மேடம், என் கணக்குல பிழை உண்டா?"

"இல்லை."

"வேகத்துல?"

"இல்லை."

"அப்போ தப்பு, தப்பான மதிப்பை அனுப்பினவர் மேலதானே?"

மங்கையர்க்கரசி கணினியை மூடினார். எழுந்தார்.

"மேடம்?"

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கோபமா, மேடம்? அப்படி என்ன கேட்டுட்டேன்?"

அவர் கதவருகே போய்விட்டார். ரொசாரியோ சோர்வோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார், குறுக்கே வரவில்லை.

"என்ன தப்புன்னு சொல்லிட்டாவது போங்க! சொன்னாத்தானே நான்..."

இளம்பரிதியின் குரல் பாதியில் நின்றது. காலையில் ஒரு வரியும் சொல்லாமல் நிரல் செத்துப்போன ரொசாரியோவின் திரையைத் திரும்பிப் பார்த்தான்.

மங்கையர்க்கரசி ஒரு சொல்லும் இன்றி வெளியேறினார்.