செக்கரும் கொழுக்கட்டைப் புல்லும்

சென்னியப்பனுக்கு அறுபது வயது. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய கண் பெறவில்லை. எதிரே யார் வந்தாலும் முகத்துக்கு முன்னால் சட்டைப் பையைத்தான் பார்ப்பார்.

மூலனூருக்குத் தெற்கே ஒரு கொறங்காடு இருந்தது. உழாமல், விதைக்காமல், மழையை நம்பிப் புல்லுக்காகவே விட்டுவைத்த மேய்ச்சல் நிலத்தை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே ஓர் ஓட்டு வீட்டில் நாச்சம்மாள் என்ற துறவி இருந்தார். சென்னியப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஊரே அவரை அம்மா என்றது. ஒரு மார்கழிக் காலையில் சென்னியப்பன் அங்கே வந்து சேர்ந்தார்.

வந்ததும் உண்டியல் எங்கே என்று தேடினார். இல்லை. உண்டியல் வைக்காத சாமியார் என்றால் வேறு ஏதோ வழி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னங்க வேணும்?" என்று கேட்டார் அம்மா.

"எனக்குச் சந்தேகம் போகணுமுங்க."

"எதுல சந்தேகம்?"

"எல்லாத்துலயுமுங்க."

அம்மா அவரை உட்காரச் சொன்னார். சென்னியப்பன் பாயைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"போன வருசம் என்ற மக சுகந்தி பிரசவத்துக்கு வந்திருந்தா. அவ குளிக்கப் போன நேரத்துல அவ கைப்பையத் தொறந்து பாத்தனுங்க."

"என்ன இருந்துது?"

"ஒண்ணுமில்லீங்க. பவுடரு, சீப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு. ஆனா நான் பாக்கறத அவ பாத்துட்டா. அடுத்த நாளே குழந்தையத் தூக்கிட்டு உடுமலை போயிட்டா. உங்க சந்தேகம் போனாத்தான் என்ற வாசப்படி மிதிக்கலாமுன்னு சொல்லிட்டா. பேரன் இப்ப நடக்கப் பழகற வயசு. அப்பறம் நான் பாக்கவே இல்லை."

இதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் எத்தனையோ பேர் அவர் முன்னால் அழுதிருக்கிறார்கள். ஒன்றையும் அவர் நம்பியதில்லை. இப்போது தன் அழுகையை இந்த அம்மா நம்புகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கெழக்குக் காட்டுல கொழுக்கட்டைப் புல்லு நிக்குது. அதப் பாத்துக்குங்க," என்றார் அம்மா.

"புல்லுக்கும் சந்தேகத்துக்கும் என்னங்க?"

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார்.

கிழக்குக் காடு நாலு ஏக்கர். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே போக ஒரே வழி, அதற்கு மரச்சட்டத்தில் முள் வைத்துக் கட்டிய ஒரு படல். உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நின்றது. அங்கேயே தங்கிவிட்ட சென்னியப்பன் முதல் நாளே வேலியைச் சுற்றி நடந்து, எங்கெங்கே ஆள் நுழையலாம் என்று குறித்துக்கொண்டார்.

தை பிறந்தது. கதிர் முற்றி விதை உதிர்ந்தது. ஒரு நாள், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்தில் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு மாராயி வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. ஆடுகளைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"சார், வெதை உழுந்துருச்சுங்க. ஆடு சித்தெ மேயட்டுங்களா? வருசா வருசம் அம்மா உடுவாங்க."

'கண்டக்டருக்குத் தெரியும் சார்' என்று சொல்லாத ஓசிப் பயணியைச் சென்னியப்பன் பார்த்ததே இல்லை. "அதெல்லாம் இங்க நடக்காது," என்று படலைச் சாத்தினார்.

பத்து நாள் கழித்து, வேலியின் தென்கோடி மூலையில் ஓர் ஆடு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. உள்ளே புழுக்கை கிடந்தது. அரைக்கால் ஏக்கருக்குப் புல்லை ஆடு வழித்துவிட்டிருந்தது.

அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சந்தேகப்பட்டது சரியாக இருந்தால் வரும் சந்தோஷம் அது. முள் வெட்டி வந்து அடைத்தார். இரண்டு நாளில் முள் ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடைத்தார். மறுபடி திறந்தது. சந்துக்கு முன்னால் சாம்பலைத் தூவி வைத்தார். மறுநாள் சாம்பலில் வெறுங்கால் தடம் இருந்தது.

மாராயி எப்போதும் ரப்பர் செருப்புப் போட்டிருப்பாள். அது அவருக்கும் தெரியும்.

'கைகாரி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்,' என்று முடிவு கட்டினார்.

புழுக்கையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மாராயி ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் பார்க்க, பெஞ்சின் மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

"இது ஆரு ஆட்டுது?"

அவள் முகம் கறுத்துப்போனது. "வேலி தொறந்து கெடந்துதுங்க. அம்மாதான் தொறந்து உட்டிருக்காங்கன்னு நெனச்சேனுங்க."

"நல்லா நெனச்சே. இன்னொரு தடவை உன்ற ஆடு உள்ள வந்துதுன்னா, படலைச் சாத்தி மொத்தத்தையும் பஞ்சாயத்துப் பவுண்டுல அடைச்சு, தண்டம் கட்ட வெச்சுப்போடுவேன்."

மாராயி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த இட்டேரியில் அவள் வரவில்லை. ஆடுகளை எங்கேயோ தூரத்துக் கரட்டு மேட்டுக்கு ஓட்டிப் போகிறாள், வெயிலில் இரண்டு குட்டி செத்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மைதானா என்று சென்னியப்பன் யோசித்தார்.

மாசி, பங்குனி போயின. கிழக்குக் காட்டில் ஒரு வாய் மேயவில்லை. புல் முழங்கால் உயரத்துக்கு அப்படியே நின்று காய்ந்தது. தான் காப்பாற்றிய புல்லைத் தினமும் பெருமையாகப் பார்த்துவிட்டு வந்தார்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. ஆறாம் நாள் அம்மா அவரைக் கிழக்குக் காட்டுக்குக் கூட்டிப்போனார்.

தென்கோடி மூலை மட்டும் பச்சைப் பசேலென்று தளிர்த்திருந்தது. மற்ற இடமெல்லாம் வைக்கோல் நிறத்தில் விறைத்து நின்றது. அம்மா ஒரு தூரை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினார். காய்ந்த தட்டைக்கு நடுவே, வெளிச்சம் காணாத குருத்து வெளிறிப்போய்ச் சுருண்டிருந்தது. தூரில் பாதி மட்கியிருந்தது.

"இதென்னங்க, ஆடு மேஞ்ச எடம் பச்சையா இருக்குது, காவல் காத்த எடம் இப்படி இருக்குது?"

"வெதை உழுந்தப்பறம் ஆடு கடிக்கோணும். கடிச்சாத்தான் புதுசு வரும். ஆட்டுக் காலு மிதிச்சாத்தான் வெதை மண்ணுல எறங்கும்."

"இது தெரிஞ்சுதான் அவ வேலியத் தொறந்தாளா?"

"அவ தொறக்கலீங்க. நாந்தான் தொறந்தேன்."

சென்னியப்பன் அம்மாவின் கால்களைப் பார்த்தார். அம்மா செருப்பே போடுவதில்லை. இத்தனை நாள் பக்கத்திலேயே நடந்த கால்கள்.

"என்னைக் காவலுக்கு வெச்சுட்டு நீங்களே தொறந்தா எப்படீங்க?"

"புல்லப் பாத்துக்கத்தான் சொன்னேன். நீங்க வேலியப் பாத்துட்டிருந்தீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லீங்க? அந்தப் புள்ளைதான் என் பேரைச் சொல்லுச்சே."

டீக்கடை பெஞ்சில் தான் பிரித்து வைத்த பொட்டலம் சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

"ஐப்பசி மழைக்குள்ள இந்தக் காய்ஞ்சதெல்லாம் மேய்ஞ்சு மிதிபடோணும். இல்லாட்டிப் பாதித் தூர் செத்துப்போகும். போயி மாராயியக் கூட்டிட்டு வாங்க," என்றார் அம்மா.

அன்று பத்து மணிக்கே மாராயி வீட்டுக்குப் போனார். அவள் ஆட்டுப் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் விளக்குமாறோடு நிமிர்ந்து, ஆடுகளுக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"நான் பண்ணுனது தப்புங்க. வேலியத் தொறந்தது நீங்க இல்ல. உங்க ஆட்டைக் கெழக்குக் காட்டுக்கு ஓட்டிட்டு வாங்க. எல்லாத்தையும் மேயட்டும்."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு, பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"உள்ள உட்டதும் படலைச் சாத்திட்டுப் பவுண்டுக்கு ஆளுடுவீங்க. அன்னிக்குப் பத்துப் பேர் முன்னால நீங்கதானுங்க சொன்னீங்க."

"சத்தியமா மாட்டேனுங்க."

"சத்தியம் ஆரு வேணா பண்ணலாமுங்க சார்."

இதே வார்த்தையை அவர் எத்தனை பஸ்ஸில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை. எதிர்ப் பக்கத்தில் நின்று கேட்டது இதுதான் முதல் தடவை. சுகந்தி அன்று ஈரத்தலையோடு நின்ற நிலை இப்படித்தான் இருந்திருக்கும் என்று பட்டது. வெட்கமாக இருந்தது, திரும்பி நடந்தார்.

"மாராயி நம்ப மாட்டேங்கறாங்க," என்று அம்மாவிடம் வந்து சொன்னார். "நம்ப வெக்கறதுக்கு என்னங்க பண்ணறது?"

"எனக்குத் தெரியலீங்களே," என்றார் அம்மா.

சென்னியப்பன் வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கிழக்குக் காட்டுக்குப் போனார். படலைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். படலைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். முள் காதைக் கீறியது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் அவர்களைக் கடந்து போனார்.

மாராயியின் வாசலில் படலை இறக்கி வைத்தார்.

"எதுக்குங்க இது?"

"இது இல்லாம என்னால காட்டைச் சாத்த முடியாதுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

மாராயி படலைச் சுற்றி வந்தாள், சட்டத்தைத் தட்டினாள். தனியாகக் கிளம்பிப் போய்க் கொறங்காட்டு வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் பட்டியைத் திறந்தாள்.

மத்தியானம் ஆடுகள் கிழக்குக் காட்டுக்குள் பரவி, காய்ந்த புல்லை மடக்கி மடக்கித் தின்றன. மாராயி படல் இருந்த வாசலிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அம்மா மாடு கட்டிவிட்டு வந்து சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"படல் எங்கீங்க?"

"மாராயி ஊட்டுலீங்க."

"திருப்பித் தருவாங்களா?"

"தெரியலீங்கம்மா. நல்ல ஊஞ்சமரச் சட்டம். அடுப்புக்கு வெட்டிப்போடுவாங்களோன்னு தோணுது."

"இன்னுமா தோணுது?"

"தோணுதுங்க. போயிப் பாத்துட்டு வந்துரலாமுன்னு மத்தியானத்துலருந்து மூணு தடவை எந்திரிச்சேன்."

"போனீங்களா?"

"போகலை. உக்காந்துட்டேன்."

அம்மா அவருடைய காதில் காய்ந்திருந்த ரத்தக் கீறலைப் பார்த்தார்.

"காலையில மொத பஸ்ஸுக்கு உடுமலை போங்க. பேரனைப் பாத்துட்டு வாங்க."

சென்னியப்பன் தலை குனிந்தார்.

"சந்தேகம் இன்னும் போகலீங்களே."

"அது போகாதுங்க," என்றார் அம்மா. "நீங்க போங்க."