நின்ற நாள்

"எனக்கு எது சரிப்படும், டீச்சர்?"

இன்னாசிமுத்து மேசைமேல் மூன்று காகிதங்களை வைத்தார். மூன்றும் கணக்கு சாஃப்ட்வேர் விளம்பரங்கள்.

மெகருன்னிசா டீச்சர் அவற்றைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே டீச்சரின் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று நாற்காலிகள். பொன்மலைக் கடைக்காரர்கள் அங்கே வந்துதான் பில் போடக் கற்றுக்கொண்டார்கள். டீச்சருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எழுபது வயதுக்காரர்களும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்ன வியாபாரம், சார்?"

"வியாபாரம்னு சொல்ல முடியாது. ஆறு கட்டில்."

நோயாளிகள் படுக்கும் இரும்புக் கட்டில்கள். கால்மாட்டில் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். ரயில்வே பணிமனை ஸ்டோர்சில் முப்பத்துநான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியவை. மாத வாடகைக்கு வீடுகளுக்கு விடுகிறார்.

"இப்ப எதுல எழுதுறீங்க?"

"நோட்டுல. நல்லாத்தான் எழுதுறேன். ஆனா படுத்திருக்கிறவங்களோட பிள்ளைங்க ஆபீசுல கையால எழுதின பில்லை வாங்க மாட்டேங்கறாங்களாம். அச்சடிச்ச பில் வேணுமாம்."

"வாடகை எப்படி?"

"மாசம் ஆயிரத்தைந்நூறு. படுத்திருக்கிறவங்க போயிட்டா, அன்னிக்கே வாடகை நின்னுடும். கட்டில் எப்ப திரும்பி வந்தாலும் சரி."

"யார் வச்ச வழக்கம்?"

"நான்தான்."

டீச்சர் காத்திருந்தார்.

"என் வீட்டுக்காரிக்கு ஒரு கடையில கட்டில் எடுத்திருந்தேன். அவ போய் ஒன்பது நாள் கழிச்சுத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது நாளுக்கும் சேர்த்து பில் போட்டிருந்தாங்க. அவங்க மேல தப்பில்லை. கட்டில் என்கிட்டத்தானே இருந்தது."

"கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். அந்த பில்லை இன்னும் கிழிச்சுப் போடலை."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

இன்னாசிமுத்து முதல் காகிதத்தைத் தொட்டார். "இது மளிகைக் கடைக்கு ஆனது. கிலோவா, லிட்டரா, டஜனான்னு கேக்குது. அரை டஜன்னு போடலாம்னு பார்த்தேன்."

டீச்சர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது, கணக்கு படிச்சவங்களுக்கு. மூணாவது இருக்கே, இது தானாவே போனுக்கு மெசேஜ் அனுப்புமாம். மாசக் கடைசியில எல்லாருக்கும் போயிடும். நாம ஒருத்தரையும் கேக்க வேண்டாம்."

"இப்ப யார் கேக்குறது?"

"நான்தான். ஒண்ணாந்தேதி சைக்கிளை எடுத்தா ஆறு வீடு. வாடகை கேக்குறதுல கஷ்டமில்லை. அதுக்கு முன்னாடி, எப்படி இருக்காங்கன்னு கேக்கணும். அந்த வார்த்தைதான் வர மாட்டேங்குது. வாசல்ல செருப்பு நிறையக் கிடக்கான்னு தெருமுனையிலேர்ந்தே பாத்துட்டுத்தான் கிட்ட போவேன்."

"சாஃப்ட்வேர் வந்தப்புறம் ஒண்ணாந்தேதி என்ன பண்ணுவீங்க?"

"வீட்ல இருப்பேன்."

டீச்சர் மூன்று காகிதங்களையும் அடுக்கி அவர் பக்கமாக நகர்த்தினார்.

"அடுத்த மாசம் வாங்க, சார்."

எது என்று டீச்சர் சொல்லவில்லை. படியிறங்கும்போது இன்னாசிமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஸ்டோர்சில் இருபதாயிரம் சாமானுக்குக் கணக்கு வைத்தவன் நான் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலையே மூன்றாவதை வாங்கினார்.

*

இரண்டு ஒண்ணாந்தேதிகள் வீட்டிலேயே கழிந்தன.

அடுத்த முறை வந்தபோது அவர் உட்காரவில்லை.

"தப்பு நடந்துபோச்சு, டீச்சர்."

"உட்காருங்க."

"வெங்கடாசலம்னு ஒருத்தர். பணிமனையில ஃபிட்டரா இருந்தவர். ஆறாம் நம்பர் கட்டில் அவருக்குத்தான் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை மாசக் கடைசி. மெசேஜ் போயிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பொண்ணு போன் பண்ணுது. அப்பா போயிட்டார், கட்டிலை வெளியில போட்டிருக்கோம், எடுத்துக்கோங்கன்னு. அவ்வளவுதான். வச்சிடுச்சு."

டீச்சர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"செத்த வீட்டுக்கு வாடகை மெசேஜ் அனுப்பியிருக்கேன். ஆறு நாளாச்சு. கட்டிலை எடுக்கப் போக முடியலை. அந்தக் கடைக்காரராவது பில்லை ஒன்பது நாள் கழிச்சுத்தான் கொடுத்தார்."

தண்ணீர் கொடுத்தார் டீச்சர். அவர் குடிக்கவில்லை.

"இப்படிப் பண்ணாத சாஃப்ட்வேர் ஒண்ணு சொல்லுங்க. எவ்வளவு ஆனாலும் சரி. இல்லேன்னா ஆறையும் இரும்புக் கடையில போட்டுடறேன். கிலோவுக்கு விலை பேசிட்டேன்."

"உங்க கணக்கைத் திறங்க."

இன்னாசிமுத்து ரகசிய எண்ணைச் சொன்னார். திரையில் ஆறு பெயர்கள் வந்தன. பக்கத்தில் கட்டில் எண், கொடுத்த நாள், திரும்பிய நாள், பதில்.

"இதுல என்ன இல்லை?" என்றார் டீச்சர்.

"வாடகை நின்ன நாள் இல்லை. கட்டில் திரும்பி வந்த நாளைத்தான் கேக்குது. நமக்கு அது வேண்டாம்."

டீச்சர் ஏதோ தட்டினார். புதிதாக ஒரு கட்டம் வந்தது. அதன் தலையில் 'நின்ற நாள்' என்று எழுதினார்.

இன்னாசிமுத்து திரையை நெருங்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். எல்லா சாஃப்ட்வேர்லயும் செய்யலாம். வெங்கடாசலம் சார் போனது என்ன தேதி?"

"புதன்கிழமையா இருக்கும்."

"இருக்குமா?"

"கேக்கலை."

கோடு ஒன்று கட்டத்துக்குள் விட்டு விட்டு மின்னியது. டீச்சர் அதைக் காலியாக விட்டுவிட்டுத் திரையில் மேல் வரிகளுக்குப் போனார்.

"ரெண்டாம் நம்பர் கட்டில். ஜானகி. இருக்காங்களா?"

"இருப்பாங்க. மெசேஜுக்கு ஒண்ணுன்னு பதில் வந்திருக்கே. கட்டில் தொடர்ந்து வேணும்னா ஒண்ணு அனுப்பணும்."

"கட்டில் இருக்குன்னு தெரியுது. அவங்க?"

அவர் திரையில் இருந்த ஒன்றையே பார்த்தார்.

"நாலாம் நம்பர்?"

"தெரியலை, டீச்சர்."

டீச்சர் ஆறாவது வரிக்குத் திரும்பி வந்தார். "இங்கேயும் பதில் ஒண்ணுன்னு இருக்கு. வியாழக்கிழமை காலையில ஒன்பது நாற்பது."

"துக்க வீட்ல யார் அனுப்பப்போறா? கை பட்டிருக்கும்."

டீச்சர் ஆறு பில்களை அச்சடித்தார். ஒவ்வொன்றிலும் பெயர் இருந்தது. கட்டில் எண் இருந்தது. நின்ற நாள் என்ற கட்டம் ஆறிலும் காலியாக இருந்தது.

"பன்னிரண்டு ரூபா."

"சாஃப்ட்வேர் எதுன்னு நீங்க சொல்லலையே."

"இதை முடிச்சுட்டு வாங்க, சார்."

*

மறுநாள் காலை சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

ஜானகியின் வீட்டில் கேட்டைத் திறந்தது ஜானகியே. ஐந்து மாதத்துக்கு முன்னால் இடுப்பெலும்பு முறிந்து, நான்கு பேர் தூக்கிக் கட்டிலில் போட்ட பெண்மணி. கையில் ஒரு தடி மட்டும் இருந்தது.

கட்டில் முற்றத்து வெயிலில் கிடந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து வடகம் பிழிந்திருந்தார்கள்.

"கட்டிலைத் தூக்கிட்டுப் போயிராதீங்க சார். இன்னும் ரெண்டு வெயில் காயணும்."

"எப்பலேர்ந்து நடக்குறீங்க?"

"ஒரு மாசமாச்சு. நீங்க வந்து பாத்தாத்தானே தெரியும்? மெசேஜ்தான் வருது. மருமக ஒண்ணு அமுக்கிடுறா."

"அப்ப போன மாச வாடகை?"

"வடகம்தான் கொடுக்கணும். அதுதானே படுத்திருக்கு."

அவர் பில்லைப் பார்த்தார். கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. மடித்துப் பையில் வைத்தார்.

இரண்டாவது வீட்டில் அவரைக் கண்டதும் வழிவிட்டார்கள். உள்ளே கூட்டிப்போனார்கள். கட்டிலில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

மூன்றாவது வீட்டில் கேட்டார். "எப்படி இருக்காங்க?" அவர் நினைப்பதற்குள் வந்துவிட்டது வார்த்தை. கதவைத் திறந்துவிட்ட பெண் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். இடையில் ஒருமுறை அழுதாள். அவர் நின்று கேட்டார். வாடகையைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்து வீடுகள் முடிய மதியமாகிவிட்டது.

வெங்கடாசலத்தின் தெருமுனையில் சைக்கிளிலிருந்து இறங்கினார். வாசலில் ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது. கட்டில் சுவரோரமாக இருந்தது. கழுவி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கக் கம்பியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. பிடித்து எழுந்து உட்காருவதற்கு ஃபிட்டர் போட்ட முடிச்சு. அதை யாரும் அவிழ்க்கவில்லை.

வெங்கடாசலத்தின் மகள் கோகிலா வெளியே வந்தாள்.

"வாங்க சார். நீங்க வர மாட்டீங்களோன்னு நெனச்சேன்."

"அம்மா, அந்த மெசேஜ்."

"நீங்க அனுப்பினதா?"

"மெஷின்," என்றார். பிறகு, "நான்தான்," என்றார்.

"அப்பாதான் படிச்சார்."

இன்னாசிமுத்துவுக்குப் புரியவில்லை.

"அவர் போன்லதானே வந்தது. கண்ணாடியை எடுத்துட்டு வான்னார். ரெண்டு தடவை படிச்சார். இன்னாசி பரவாயில்லையே, என்னைக் கேட்டுட்டுத்தான் செய்றாருன்னார்."

"அப்ப அவர்..."

"இருந்தார், சார். நான் அமுக்கட்டுமான்னு கேட்டேன். குடு, என்னைத்தானே கேட்டிருக்காருன்னு வாங்கி அவரே அமுக்கினார். விரல் நிக்கலை. ரெண்டு மூணு தடவை தப்பா விழுந்து, அழிச்சு, ஒண்ணு போட்டு அனுப்பினார். அரை மணி நேரமாச்சு."

கோகிலா தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஒரு மாசமா அவர்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை. டாக்டர் என்னைக் கேப்பார். நர்சு என்னைக் கேக்கும். வந்தவங்க எல்லாம் அவரைப் பாத்துக்கிட்டே என்னைத்தான் கேட்டாங்க. அன்னிக்கே சாயங்காலம் நாலு மணிக்குப் போயிட்டார்."

இன்னாசிமுத்து பையிலிருந்து பில்லை எடுத்தார். பேனாவோடு சேர்த்து நீட்டினார். கோகிலா வாங்கி, கட்டத்தில் வியாழக்கிழமையின் தேதியை எழுதினாள்.

"இந்த மாசத்துக்கும் சேர்த்துப் போடுங்க, சார்."

"வழக்கமில்லைம்மா. அன்னிக்கே நின்னுடும்."

"அவர் கேட்டு வாங்கின மாசம்."

வெயில் கட்டிலின் கால்வரை வந்திருந்தது. அவர் கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டில் இங்கேயே இருக்கட்டும்," என்றார். "முப்பதாந்தேதி வந்து எடுத்துக்கறேன். வாடகை கிடையாது."

*

டீச்சர் ஆறு பில்களையும் வாங்கிப் பார்த்தார்.

ஒன்றில் தேதி இருந்தது. அதை ஆறாம் எண்ணுக்கு எதிரே ஏற்றினார்.

"கட்டில் வந்துடுச்சா?"

"முப்பதாந்தேதி வரும்."

"வாடகை?"

"சைபர்."

டீச்சர் சைபர் போட்டார். திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. வாடகை இல்லாமல் கட்டில் வெளியே இருப்பதற்குக் காரணம் கேட்டது.

"என்ன எழுத?"

"வெங்கடாசலம் கேட்டிருக்கார்."

டீச்சர் அப்படியே எழுதினார். சாஃப்ட்வேர் ஏற்றுக்கொண்டது.

"ஜானகிக்குப் போன மாசம் வாடகை வாங்கியிருக்கு. திருப்பிக் கொடுக்கணும்," என்றார் அவர். "வடகம் கொடுத்து அனுப்பினாங்க. உங்களுக்கும் கொஞ்சம் இருக்கு."

காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். டீச்சர் அதைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"இரும்புக் கடைக்காரர் வந்தாரா?"

"வர வேண்டாம்னுட்டேன்."

"சாஃப்ட்வேர்? இதே இருக்கட்டுமா, வேற பார்க்கணுமா?"

 முதல் நாள் கொண்டுவந்த மூன்று காகிதங்கள் இன்னும் இன்னாசிமுத்துவின் பைக்குள் இருந்தன. அவர் எடுக்கவில்லை.

"ஒண்ணாந்தேதிக்கு அஞ்சு பில் வேணும், டீச்சர். இப்பவே அடிச்சுக் கொடுத்துடுங்க."

"நின்ன நாள்?"

"காலியா விடுங்க."

பிரிண்டர் ஓடியது. ஐந்து தாள்களும் சூடாக வந்து விழுந்தன.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தாளாக எடுத்து, பெயரைப் படித்து, கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தார்.