சான்றிதழோடு நின்ற லிஃப்ட்

கோயமுத்தூர் லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்கு, பிரேக் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை விற்க வந்தார் சாரங்கபாணி.

“ஓசி கம்பைலரை நம்பி ஆளை ஏத்துவீங்களா? எங்களுதுக்குச் சான்றிதழ் இருக்கு, சோதனையே வேண்டாம்!”

முதலாளி தலையாட்டினார். ஜூனியர் இன்ஜினியர் பூங்கோதை விடுவதாக இல்லை.

“இந்த லிஃப்ட்ல ஓசி கம்பைலருங்க சார், மாசக்கணக்கா சோதிச்சாச்சு. பக்கத்து லிஃப்ட்ல நீங்க குடுத்த சாம்பிள் கம்பைலர், சோதிக்கவே இல்ல. நம்புறவங்கதான் முதல்ல ஏறணும், அது எங்க வழக்கம். ஒப்பந்தக் கையெழுத்து ஏழாவது மாடியில. வாங்க!”

சொல்லிவிட்டுத் தன் லிஃப்டில் ஏறினாள். முதலாளியும் அவளோடு ஏறிக்கொண்டார்.

சாரங்கபாணி மற்ற லிஃப்டைப் பார்த்தார், கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார்.

மூச்சிரைக்கப் படியேறி அவர் மேலே வந்தபோது, முதலாளி கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியிருந்தார்.