குருவிமடைக்கு வந்த சர்வதேசப் பாடத்திட்டம்

குருவிமடைக்காரர்கள் பெரிய அறிவாளிகள். இதை நான் சொல்லவில்லை, அவர்களே ஊர் எல்லையில் பலகை நட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இறங்காமல் போய்விடுவது வழக்கம்.

அந்த ஊரில் குமரவிலாஸ் நடுநிலைப் பள்ளி என்று ஒன்று. தலைமையாசிரியர் பெயர் கோமதிநாயகம், வயது ஐம்பத்தேழு. முப்பத்தோரு வருஷமாக அங்கேதான் கிடக்கிறார். பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கோடை லீவில் தானே போய் மணியை அடித்துவிட்டு, வீட்டுக்கு ஓடி வந்து சாப்பிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் தலையில் இடி விழுந்தது. பைபாஸ் ரோட்டில் ஒரு சர்வதேசப் பள்ளி வந்தது. குமரவிலாஸ் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அங்கே போய், கடைசியில் நாற்பத்தோரு பேர் மிச்சம். தாளாளர் சொக்கலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார்: ஜூன் மாசத்துக்குள் நம்ம பள்ளியும் சர்வதேசம் ஆகவேண்டும், இல்லையென்றால் இடித்துக் கல்யாண மண்டபம். கொத்தனாரை விட்டு அளந்தும் பார்த்தாயிற்று. கோமதிநாயகத்தின் நாற்காலி இருக்கிற இடத்தில் பந்திக்குக் கை கழுவுகிற குழாய் வருமாம். அன்றைக்கு மணி அடித்தும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சர்வதேச அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் போட்டதும் பாடத்திட்டக் கையேடு தபாலில் வந்தது. தாளாளர், கோமதிநாயகம், கணக்கு வாத்தியார் ஞானதுரை, பி.டி. மாஸ்டர் மாசானம் ஆகிய நால்வரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு வரி விடாமல் அதன்படி நடப்பது என்று முடிவாயிற்று. ஞானதுரை முதல் வரியை வாசித்தார். மாணவர் சுயமாகச் சிந்திக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் மாசானம்.

"அது போடலையே."

"நேரம் போடாம எப்படி சார் சிந்திப்பாங்க? ஒருத்தன் காலைல சிந்திப்பான், இன்னொருத்தன் சோத்துக்கு அப்புறம் சிந்திப்பான். ஒழுங்கு இருக்குமா?"

நியாயமான கவலைதான். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட் என்று டைம்டேபிள் போட்டார்கள். மாசானம் விசில் அடித்தால் சிந்திக்க ஆரம்பிக்க வேண்டும், இரண்டாவது விசிலில் நிறுத்திவிட வேண்டும். முதல் வாரமே எட்டாம் வகுப்பில் ஒரு பெண், இரண்டாவது விசில் அடித்த பிறகும் இரண்டு நிமிஷம் சிந்தித்துக்கொண்டிருந்தது பிடிபட்டு, கிரவுண்டைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓடியது. அதன்பிறகு குமரவிலாசில் யாரும் அளவுக்கு மீறிச் சிந்திக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் மகிழ்ச்சியுடன் கற்றல் வந்தது. அதற்குப் பாஸ் மார்க் எவ்வளவு என்று முக்கால் மணி நேரம் விவாதம். முப்பத்தைந்து என்று முடிவு செய்து மாதத் தேர்வும் வைத்தார்கள். பன்னிரண்டு பேர் மகிழ்ச்சியில் ஃபெயில். 'நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று இருநூறு தடவை எழுதி வரச் சொன்னார்கள். எழுதாதவர்களை முட்டி போடவைத்து, ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சிக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடத்தினார்கள்.

தவறுகள் வழியாகக் கற்க வேண்டும் என்றும் கையேடு சொன்னது. ஞானதுரைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கணக்கு நோட்டில் தினமும் பத்துத் தப்பு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். முத்துமாரி என்று ஒரு பிள்ளை, பாவம், பத்தையும் சரியாகப் போட்டு வந்து முட்டை வாங்கியது. மறுநாள், அடுத்த வீட்டுப் பையன் நோட்டைப் பார்த்துத் தப்பைக் காப்பியடித்ததற்குத் தனியாகவும் திட்டு வாங்கியது. கடைசியில் பிள்ளைகள் சிரமப்படக்கூடாது என்று ஞானதுரையே நல்ல தரமான தப்புகளாகப் பொறுக்கிப் போர்டில் எழுதிப்போட்டார்.

கற்றலைச் சுவர்களுக்குள் அடைக்கக்கூடாது என்ற வரி வந்தபோது யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மறுநாளே ஆறாம் வகுப்பின் தெற்குச் சுவரை இடித்துவிட்டார்கள். தாளாளர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மண்டபம் என்றாலும் அந்தச் சுவர் போகவேண்டியதுதான், சாப்பாட்டு அறைக்கு நல்ல காற்று வரும் என்றார். கோமதிநாயகம் மற்ற சுவர்களை எண்ணிப் பார்த்தார். ஆய்வுக்கு அதிகாரி வந்து சரி என்று சொல்லாவிட்டால் மிச்சம் மூன்று சுவரும் போய்விடுமே என்று பயந்தார்.

ஆனால் அவரை நிஜமாகவே திணறடித்தது வேறொரு வரி. பிள்ளைகள் மனதில் கேள்விகள் தானாக எழவேண்டுமாம். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் பிள்ளைகள் அவரிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி, சார் தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா என்பதுதான். இதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்காரன் அங்கீகாரம் கொடுப்பான்? ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து, தானாக எழவேண்டிய கேள்விகள் நாற்பதை அவரே தயார் செய்தார். ஆளுக்கொரு பிரதி கொடுத்து, தினமும் காலையில் பத்துக் கேள்வி ஒப்பிக்கவைத்தார்.

இடையில் ஒரு சோதனை. ஆறாம் வகுப்பில் ஒருத்தன் எழுந்து, சார், எறும்பு தூங்குமா என்று கேட்டுவிட்டான். கோமதிநாயகம் பதறிப்போய்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எறும்பே இல்லை. ஆசிரியர் கூட்டம் அவசரமாகக் கூடியது.

"போர்ஷன்ல இல்லாத கேள்வி சார் இது. இன்னைக்கு எறும்புன்னு விட்டா நாளைக்கு யானைம்பான்" என்றார் ஞானதுரை.

"யாருகிட்டயோ டியூஷன் போறான்" என்றார் மாசானம்.

பையனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். எறும்பு விஷயம் அத்தோடு அமுங்கிப்போயிற்று.

ஆய்வு நாளும் வந்தது. சென்னையிலிருந்து அதிகாரி லிடியா மேடம் வந்திறங்கினார். அமைதியான அம்மா. முகத்தில் கோபமே கிடையாது, குருவிமடையைப் பார்க்கிறவரைக்கும் இருந்ததே கிடையாது. சுவரில்லாத வகுப்பைப் பார்த்தார், மகிழ்ச்சியில் தோற்றவர்களின் பட்டியலைப் பார்த்தார். கடைசியில் பிள்ளைகளைப் பார்த்து, என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அன்பாக விசாரித்தார்.

மாசானம் விசில் அடித்தார். நாற்பத்தோரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"ஒன்றாவது கேள்வி. வானம் ஏன் நீலமாக இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் ஆர்வத்துடன்."

மேடம் வானத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். பதிலைக் காதில் வாங்குவது பட்டியலில் இல்லாததால் பிள்ளைகள் இரண்டாவது கேள்விக்குப் போய்விட்டார்கள். நாற்பதும் முடிகிறவரை அந்த அம்மா நின்றுகொண்டே கேட்டார். கோமதிநாயகம் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். இருபத்தேழாவது கேள்வியில் ஒரு பையன் திக்கியபோது அவருக்கு உயிரே போய்த் திரும்பியது.

பிறகு மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கடைசியா எதைத் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட்டீங்க?"

கோமதிநாயகம் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். "மேடம், அது சிலபஸ்ல வரல" என்றார். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. தப்பு எங்கே இருந்தாலும் திருத்திக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்தை மட்டும் மூடச் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டார். மேடத்துக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு தாளில் எழுதித் தாளாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கீகாரம் இப்போது இல்லை, ஒரு வருஷம் கழித்து மறுபடி வருகிறேன், அதுவரை பள்ளி நடக்கட்டும் என்று எழுதியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியர் முதலில் ஆறாம் வகுப்பு மாணவரைப் போல உட்கார்ந்து, எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்வது நல்லது என்று மேடம் நொந்துபோய் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

நால்வரும் அந்த வரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு வருஷம் பள்ளி பிழைத்தது. கோமதிநாயகத்தை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதானே. திங்கட்கிழமையே டெய்லர் வந்து அரைக்கால் சட்டைக்கு அளவெடுத்தார். நீல நிறம் அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் சிக்கல். பெற்றோரை நேர்காணல் செய்யாமல் எந்த மாணவரையும் சேர்க்கக்கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. சட்டம் சட்டம்தான் என்றார் தாளாளர். கோமதிநாயகத்தின் அப்பா ஆவுடையப்பனுக்கு வயது எண்பத்து நான்கு. பக்கத்து ஊரிலிருந்து ஆட்டோ பிடித்து, கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மகன் சீருடையோடு, தலையில் எண்ணெய் வழிய, கைகட்டிப் பக்கத்தில் நின்றார். சேர்த்துக்கொள்வார்களோ மாட்டார்களோ என்று விண்ணப்பத்தையே எட்டி எட்டிப் பார்த்தார்.

ஞானதுரை பேனாவைத் திறந்துகொண்டு, விண்ணப்பத்தில் இருந்தபடியே கேட்டார். "தங்கள் குழந்தையின் முழுமையான ஆளுமை மலர்ச்சிக்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?"

கிழவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு வாத்தியாரிடம் சொன்னதை அப்படியே சொன்னார்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்வாள்."

ஞானதுரை ஒரு எழுத்து விடாமல் கட்டத்துக்குள் எழுதினார். மாசானம் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, நெற்றியைச் சுருக்கினார். கடமையில் தவறு வந்துவிடக்கூடாது என்கிற கவலை அவருக்கு.

"ஐயா, தெளிவா சொல்லிருங்க. ரெண்டு கண்ணையும் விடணுமா, ஒண்ணு போதுமா?"

ஆவுடையப்பன் மகனின் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "படிக்கிற பிள்ளை, ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

என்ன இருந்தாலும் அப்பாவுக்குத் தன்மேல் பாசம்தான் என்று கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, சட்டை பட்டனைக் கழற்றியபடியே மாசானத்தின் பின்னால் வகுப்புக்குப் போனார்.