நாணலுக்குள் இரண்டு எருமைகள்

ஏரியின் மேற்குக் கரையில் வளைகள் பெருகிக்கொண்டே போயின. இரையோ கிழக்குக் கரையில்தான் கிடைத்தது. நீந்தத் தெரியாத சின்ன உயிர்களுக்குப் போகவும் வரவும் எருமை முதுகுதான் கதி. மூன்று எருமைகள் ஓடிய துறையில் இப்போது ஒன்றுதான் ஓடியது.

எருமை கரையேறும்போதே ஓடிப்போய் அதன் முதுகில் ஓர் இலையை வீசிவிட வேண்டும். இலை விழுந்த இடம் வீசியவருக்குச் சொந்தம். அதுதான் துறை வழக்கம்.

அன்று மாலை கிழக்குக் கரையில் கீரி வீசிய புங்க இலையைக் காணோம். அந்த இடத்தில் முயல் உட்கார்ந்திருந்தது.

"என் இலையைத் தள்ளிவிட்டது நீதானே?"

"காற்று தள்ளியிருக்கும். உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான் அக்கா."

"அந்தக் காற்று உன் இலையை மட்டும் விட்டுவைத்ததாக்கும்?"

அணில் ஒரு பக்கமும் ஓணான் ஒரு பக்கமும் சேர்ந்துகொண்டன. இழுபறியில் முயலும் கீழே விழுந்தது. எருமை போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும்.

கீரி அக்கரையைப் பார்த்தது. மேற்குக் கரையில் தன் வளையில் கண் திறக்காத குட்டிகள். இருட்டினால் ஆந்தை வந்துவிடும்.

துறையைக் கவனிக்கும் நரி கனிவாக வந்தது. "என்னம்மா செய்வது? மற்ற இரண்டுக்கும் குளம்பில் புண். வைத்தியத்துக்கு மலைக்கு அப்பால் போயிருக்கின்றன. அவசரமென்றால் என் மச்சான் முதலை இருக்கிறாரே, ஏறிக்கொள்ளுங்கள்."

முதலை வாயைத் திறக்காமல் பணிவாகச் சிரித்தது.

"நேற்று இவர் முதுகில் ஏறிய எலி அக்கரையில் இறங்கியதா?" என்றது கீரி.

"இறங்காமல் என்ன?"

"பார்த்தது யார்?"



கீரியின் கண் நாணல் புதர்மேல் போயிற்று. அங்கே உண்ணிக்கொக்குகள் எழுவதும் உட்காருவதுமாக இருந்தன. எருமை இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

"முயலே, நம் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். வா!"

நாணலை விலக்கினால், இரண்டு எருமைகளும் சேற்றில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"புண்ணா? எங்களுக்கா?" என்றது ஒன்று. "துறையில் ஆளே இல்லை, படுத்திருங்கள் என்று நரிதானே சொன்னார்!"

திரும்பிப் பார்த்தால் நரியைக் காணோம். முதலையும் முங்கிவிட்டது.

இலை வீசாமலே எல்லாம் ஏறின. ஆந்தை கிளையை விட்டு எழுவதற்குள் கீரி தன் வளைவாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

உட்காரும் இடத்துக்காக நமக்குள் அடித்துக்கொண்டே இருந்தால், வண்டியை ஒளித்துவைத்தவனை யாருமே கேள்வி கேட்க மாட்டோம்.